போடிமெட்டு மலைப்பாதையும் என் உள்காதும்: தலைசுற்றலுக்குக் காரணம் தேடிய அனுபவம்

போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு, மலைக்கு மேலே கேரளத்தின் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். தலைசுற்றலும் வண்டிப் பயணக் குமட்டலும் ஒன்றாக வந்து என்னை நெடுநாள் அலைக்கழித்தன. இரண்டும் ஒரே நோய் என்றே நானும் என்னைப் பார்த்தவர்களும் எண்ணியிருந்தோம். அவை தனித்தனியானவை என்று தெரிந்த பிறகே எனக்கு வழி பிறந்தது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் மோட்டுவளை சுழலும். உயரத்து அலமாரியில் இருக்கும் பேரேட்டை எடுக்க அண்ணாந்தாலும் அப்படியே. போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில், ஜீப்பின் பின்புறத்தில் எதிரெதிராகப் போட்ட இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்து போகும்போது, பாதி மலை ஏறுவதற்குள் வாயில் உமிழ்நீர் ஊறி, வேர்த்து, வாந்தி வரும். இறங்கிய பிறகும் தரை மிதப்பது போன்ற உணர்வு மாலை வரை நீடிக்கும்.

வீட்டில் பித்தம் என்றார்கள். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் கொடுத்தார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்த அளவு எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை அணிவித்தார்கள். நடுவயதைத் தாண்டிய பலருக்கும் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும் என்பதும், அது தெரிவதாலேயே தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தன. தலைசுற்றலை அடக்கும் சின்னரிசின் மாத்திரையையும் மாதக்கணக்கில் சாப்பிட்டேன். தூக்கம் கூடியதே தவிர, புரண்டால் சுற்றுவது நிற்கவில்லை. இவ்வகை மாத்திரைகள் கடுமையான சுற்றலின் முதல் சில நாட்களுக்கு மட்டுமே ஏற்றவை. நீண்ட நாள் சாப்பிட்டால், சமநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் மூளையின் வேலையை அவை தாமதப்படுத்தும்.

திருப்பம், கோட்டயம் பக்கத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனபோது வந்தது. என் ஸ்கேன் உறைகளை ஓரமாக வைத்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் அவர் கேட்டவை சில கேள்விகளே. சுற்றல் நொடிகளில் நிற்கிறதா, மணிக்கணக்கில் நீடிக்கிறதா? தலையை அசைக்காமல் இருக்கும்போதும் வருகிறதா? காதில் இரைச்சல், அடைப்பு, கேட்கும் திறனில் ஏற்ற இறக்கம் உண்டா? தலைவலி வருவதுண்டா? காதுகேட்கும் திறனுக்கான சோதனையும் எடுத்தார். அதில் குறை இல்லை. மெனியர் என்ற உள்காது நோயாக இருந்தால் சுற்றல் 20 நிமிடம் முதல் பல மணி நேரம் வரை நீடிப்பதோடு காதும் மந்தமாகும் என்பதால், அதற்கு வாய்ப்புக் குறைவு என்றார்.

பிறகு என்னைப் பரிசோதனைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, கண்ணை மூடாதீர்கள் என்று சொல்லி, கட்டில் விளிம்புக்குக் கீழே தலை சற்றுத் தொங்கும்படி சட்டென்று சாய்த்தார். ஓரிரு நொடி ஒன்றுமில்லை. அதன்பின் அறையே சுழன்றது; அவருடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்திற்குள் அது தானாக அடங்கியது. அந்த நேரத்தில் என் கருவிழிகள் திருகித் திருகித் துடித்ததை என் மனைவி கைப்பேசியில் படம்பிடித்திருந்தார். இடப்பக்கம் சாய்த்தபோது எதுவும் நேரவில்லை. 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விளக்கிய சோதனை இது. இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

உள்காதில் புவியீர்ப்பை உணரும் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் சில பெயர்ந்து, தலை சுழல்வதை உணரும் அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் துகள் உருண்டு குழலின் நீர்மத்தை அசைக்க, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகிறது. அந்தத் துகளை வந்த வழியே வெளியேற்ற, அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறையில், என் தலையையும் உடலையும் படிப்படியாக இடப்பக்கம் உருட்டி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருந்து எழுப்பினார். அடுத்த வாரம் மறுபடியும் செய்தார். அதன்பின் படுக்கையில் சுற்றுவது நின்றது.

ஆனால் ஜீப்பில் குமட்டல் நிற்கவில்லை. உள்காது பழுதானதால்தான் பயணக் குமட்டல் வருகிறது என்று நான் நம்பியிருந்தேன். இரு காதுகளின் சமநிலை உறுப்பும் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டலே வராது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. கண் ஒன்றைச் சொல்ல, நன்றாக வேலை செய்யும் காது வேறொன்றைச் சொல்லும் முரண்பாடுதான் அதற்குக் காரணம். சுற்றல் வந்த நாட்களைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டியவர், கண் கூசும் நாட்களிலும் ஒற்றைத் தலைவலி வந்த நாட்களிலும் மிதப்பு மணிக்கணக்கில் நீடித்ததைக் கண்டு, ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைசுற்றல் என்றார். இதைக் காட்டித்தரும் ஸ்கேன் கிடையாது. சுற்றல் வரும் வேளையில் தலை வலிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நோயாளி சொல்லும் விவரத்தைக் கொண்டே கண்டறிய வேண்டும். ஆகவே தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, உடன் வந்தவை ஆகியவற்றைக் குறித்து வைப்பது என்னைப் பொறுத்தவரை ஸ்கேனைவிட மேலானது.

இப்போது ஓட்டுநர் அருகில் முன் இருக்கையில் அமர்ந்து, எதிரே வரும் வளைவைப் பார்த்தபடி போகிறேன்; வண்டியில் கைப்பேசியைத் தொடுவதில்லை; உறக்கமும் காலை உணவும் தவறுவதில்லை; தலைவலித் தடுப்பு மாத்திரை இரவில் உண்டு. குமட்டல் பெருமளவு குறைந்துள்ளது.

எந்தக் காது என்று தெரியாமல் காணொளி பார்த்து எப்லி முறையைச் செய்துகொள்ள வேண்டாம். சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒருபக்கம் மரத்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். துகள் மறுபடியும் பெயர்வது உண்டு. எனக்கும் சென்ற மழைக்காலத்தில் சுற்றல் திரும்பியது; இம்முறை மருத்துவரிடம் போய் நேராக அந்தச் சோதனையைத்தான் கேட்டேன்.