ஞாயிற்றுக்கிழமை நோட்டும் இரண்டாவது கேட் தேர்வும்

எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை இரண்டாவது தடவை எழுதி 58 மார்க் சொச்சம் வாங்கினேன். முதல் நூறு ரேங்க், முதல் ஐந்நூறு ரேங்க் கதை எதுவும் என்னிடம் இல்லை, அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம். முதல் தடவை தகுதி மார்க்கைத் தொட்டும் தொடாமலும் நின்றவன், அதே வேலை, அதே நைட் ஷிஃப்ட், அதே கம்பெனி பஸ்ஸோடு அடுத்த வருஷம் எப்படிக் கொஞ்சம் தேறினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்கண்ணா?" என்றுதான் எல்லாத் தம்பி தங்கைகளும் கேட்கிறார்கள். வாரத்துக்கு ஒன்பது, பத்து மணி நேரம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

முதல் வருஷம் வாரத்துக்கு இருபது மணி நேரம் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி வீடியோ. சென்னை ஓஎம்ஆர் சாலையில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும், காதில் ஹெட்போன், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒருவர் பேஜ் ரிப்ளேஸ்மென்ட் (நினைவகம் நிறைந்தால் எந்தப் பக்கத்தை வெளியே தள்ளுவது என்ற பாடம்) நடத்துவார், நானும் தலையாட்டிக்கொண்டே சிறுசேரி வரை போய்ச் சேர்வேன். நல்ல ஆசிரியர்கள்தான், அவர்கள்மேல் குறை இல்லை. ஆனால் கணக்கைப் போட்டது அவர், பார்த்தது மட்டும்தான் நான். தேர்வு ஹாலில் பேனாவைக் கையில் பிடித்தபோதுதான் அது உறைத்தது.

ரிசல்ட் வந்த வாரம், ஞாயிறு சாயங்காலம், கடுப்பில் ஒரு பழைய நோட்டை எடுத்து மேலே தேதி போட்டு 'இந்த வாரம் எனக்கு எது புரியலை' என்று எழுதினேன். அதற்குக் கீழே படிப்பு, ஆபீஸ் என்று பிரிக்காமல் மனசில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அந்த முதல் பக்கம் இன்னும் இருக்கிறது: செமாஃபோரில் (புரோகிராம்களை ஒன்றுக்கொன்று காத்திருக்க வைக்கும் ஏற்பாடு) இரண்டு வெயிட்டின் வரிசையை மாற்றினால் ஏன் டெட்லாக் (எல்லாம் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடுவது) வருகிறது. வியாழக்கிழமை ராத்திரி சர்வர் ஏன் விழுந்தது, ரீஸ்டார்ட் செய்ததும் ஏன் எழுந்தது. த்ரூபுட்டுக்கும் லேட்டன்சிக்கும் என்ன வித்தியாசம் (மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்). கடைசி வரி, எதற்கு எம்.டெக்.

நோட்டுக்கு ஒரே ஒரு விதி வைத்தேன். அடுத்த ஞாயிறு பழைய பக்கத்தைத் திறந்து, எதை யாராவது கேட்டால் பேப்பரில் போட்டுக் காட்ட முடியுமோ அதை அடித்துவிட வேண்டும், மீதியைப் புதுப் பக்கத்தில் திரும்பக் கையால் எழுத வேண்டும். காப்பி, பேஸ்ட் கிடையாது. ஒரே கேள்வியை நாலாவது வாரமும் கையால் எழுதும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே, அதுதான் என்னைப் படிக்க வைத்தது.

அப்படி ஐந்து வாரம் அடம்பிடித்தது அந்த சர்வர் கேள்வி. எங்கள் சர்வீஸ் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் இன்னொரு சர்வீஸுக்குப் புது கனெக்‌ஷன் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடும். கூட்டம் ஏறினால் 'கேன்னாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்ற பிழைச் செய்தி லாக் முழுக்கக் கொட்டும். ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும், ரீஸ்டார்ட் அடிப்பேன், சரியாகிவிடும், தூங்கிவிடுவேன். மூன்றாவது வாரம் ஒரு ஏஐ சாட்டில் கேட்டேன். டைம்-வெயிட் (மூடிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்கும்) நிலையில் கனெக்‌ஷன்கள் தேங்கி போர்ட் (ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தேவைப்படும் எண்) தீர்ந்துபோயிருக்கும் என்று நாலு வரியில் அழகாகச் சொன்னது. ஒரு தப்பும் இல்லை. அந்த நாலு வரியையும் நோட்டில் எழுதி வைத்தேன், அடுத்த ஞாயிறு பார்த்தால் கேள்வி அப்படியே உட்கார்ந்திருந்தது. ஏன் தேங்க வேண்டும், எவ்வளவு நேரம், எத்தனை? எதுவும் எனக்குத் தெரியாது.

சரி, மூலத்தையே பார்ப்போம் என்று டிசிபியின் (இந்தக் கனெக்‌ஷன்களை நடத்தும் இணைய விதிமுறை) மூல ஆவணமான ஆர்எஃப்சி 9293-ஐ ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்தேன். 1981-இல் வந்த ஆர்எஃப்சி 793-க்குப் பதிலாக 2022-இல் வெளியிட்டது, நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. சனிக்கிழமை காலையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் இடம் பிடித்து உட்கார்ந்தால் சுற்றிலும் குரூப் 2, குரூப் 4 கூட்டம், யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த ஆர்எஃப்சியில் வெறும் கோடும் கூட்டல் குறியும் வைத்தே ஒரு ஸ்டேட் டயகிராம் (கனெக்‌ஷன் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகும் என்ற படம்) வரைந்திருப்பார்கள். அதை மூன்று முறை கையால் வரைந்தேன். மூன்றாவது முறைதான், கனெக்‌ஷனை முதலில் மூடுகிறவன் தலையில்தான் டைம்-வெயிட் விழுகிறது என்பது கண்ணில் பட்டது. கடைசி ஏசிகே ('வந்து சேர்ந்தது' என்ற பதில்) தொலைந்துபோனால் திரும்ப அனுப்ப ஆள் இருக்க வேண்டும், பழைய கனெக்‌ஷனின் பாக்கெட் ஒன்று தாமதமாக வந்து புதுசுக்குள் நுழைந்துவிடவும் கூடாது, அதற்குத்தான் அந்தக் காத்திருப்பு.

ஆவணத்தின் கணக்குப்படி அந்த நேரம் நாலு நிமிஷம் வரும், லினக்ஸ் 60 நொடிதான் வைத்திருக்கிறது. லினக்ஸ் வழக்கமாகக் கொடுக்கும் போர்ட்கள் 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. அறுபதால் வகுத்தால் 470 வரும். ஆக, ஒரே சர்வரின் ஒரே போர்ட்டுக்கு நொடிக்கு 470-க்கு மேல் புது கனெக்‌ஷன் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் போர்ட் தீர்ந்துவிடும். இதைப் பென்சிலில் போட்டு முடித்தபோது இன்னொன்றும் புரிந்தது. எங்கள் சர்வீஸ் இறங்கி ஏற ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ரீஸ்டார்ட்டுக்கும் டைம்-வெயிட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதைப் பிடித்து வைத்திருப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல். நாங்கள் சும்மா இருந்த அந்த ஒரு நிமிஷம்தான் சரிசெய்திருக்கிறது! ஒரு வருஷமாக ரீஸ்டார்ட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை கனெக்‌ஷன் பூலிங் (திறந்த கனெக்‌ஷனை மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது) போடலாம் என்று ஆபீஸில் சொன்னேன், போட்டார்கள், அந்த ராத்திரிப் போன் நின்றது.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் மூன்றுக்கும் வேலையில் வரும் குழப்பமே பாடத்திட்டம். வேலை படிப்புக்கு இடைஞ்சல் என்று முதல் வருஷம் புலம்பிக்கொண்டிருந்த நேரத்துக்கு அந்தக் குழப்பங்களை எழுதியாவது வைத்திருக்கலாம்.

வேலை கைகொடுக்காத பாடங்களும் உண்டு. தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், டிஸ்கிரீட் மேத்ஸ் இரண்டும் ஆபீஸ் பக்கமே வராது. அங்கே பழைய கேள்வித்தாள்தான், வேறு வழி தெரியவில்லை. அறிமுகத்துக்கு வீடியோ பார்க்கலாம், ஆனால் கையால் ஒரு முறையாவது போட்டுவிடுங்கள். ஃபிஃபோ முறையில் (முதலில் வந்த பக்கம் முதலில் வெளியே) 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு மூன்று ஃபிரேம் (நினைவகத்தில் ஒரு பக்கம் வைக்கும் இடம்) கொடுத்தால் 9 பேஜ் ஃபால்ட் (கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாமல் போவது), நாலு ஃபிரேம் கொடுத்தால் 10. நினைவகம் கூடக்கூட ஃபால்ட் குறைய வேண்டாமா? பெலாடியின் முரண் என்று பெயரை மனப்பாடம் செய்தவன்தான் நானும். கட்டம் போட்டு நிரப்பிப் பார்த்த அன்றுதான், நாலு ஃபிரேமில் ஐந்தாவது பக்கம் உள்ளே வரும்போது அடுத்த நொடியே தேவைப்படப்போகும் ஒன்றாம் பக்கத்தை அது வெளியே தள்ளுவதைப் பார்த்தேன். அதன் பிறகு மறக்கவில்லை. ஏஐயை நான் இந்த இடத்தில் பயன்படுத்துவேன், கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு, விடை மாறினால் எந்தப் படியில் சறுக்கினேன் என்று கேட்க. முதலிலேயே கேட்டால் பழைய வீடியோ கதைதான்.

தேர்வு நாள் பற்றிக் கொஞ்சம். 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க், அதில் 15 மார்க் பொதுத் திறன், அதை விடாதீர்கள். ஒரு விடை மட்டும் சரியாக இருக்கும் கேள்வியில் தப்பினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். எண்ணை நிரப்பும் கேள்விக்கும், பல விடை சரியாக இருக்கக்கூடிய கேள்விக்கும் மைனஸ் கிடையாது, ஆனால் பல விடைக் கேள்வியில் ஒன்றை விட்டாலும் பூஜ்யம்தான். முதல் தடவை நான் எல்லாவற்றையும் தொட்டேன், வாங்கியதில் பாதியை மைனஸ் தின்றது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் அப்படித்தான் வலித்தது. அப்புறம் அந்தத் திரைக் கால்குலேட்டர்! மவுஸில்தான் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும். வீட்டிலேயே அதில் பழகிவிட்டுப் போங்கள், போன் கால்குலேட்டரில் பழகியவன் அங்கே தடவுவான்.

நோட்டு இப்போது மூன்றாவது. செமாஃபோரையும் லேட்டன்சியையும் எப்போதோ அடித்தாகிவிட்டது. 'எதற்கு எம்.டெக்.' மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் புதுப் பக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. மாத உதவித்தொகை 12,400 ரூபாய், என் வீட்டு வாடகை அதைவிட அதிகம். பூலிங் போட்ட வாரம் பதில் தெரிந்த மாதிரி இருந்தது, அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் மறந்துவிட்டது. புதிய ஐஐடி ஒன்றிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. ஏற்பதா வேண்டாமா என்று ஐஐடி ஆஃபர்களுக்கான சிஓஏபி தளத்தில் சொல்ல வேண்டும், அங்கே 'ரீடெய்ன் அண்ட் வெயிட்' (ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது) என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இந்தச் சுற்றுக்கு அதைத்தான் அழுத்தியிருக்கிறேன்.