டிஏ ரேலிக்குக் கிளம்பும் வேலூர்ப் பையன்களுக்கு

கணியம்பாடி, கம்மவான்பேட்டைப் பக்கம் ஒரு மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனாலேயே நம் ஊரில் ஆர்மி என்றால் மாதச் சம்பளம், பென்ஷன், கேன்டீன் கார்டு என்று மனசில் பதிந்துபோயிருக்கிறது. டெரிடோரியல் ஆர்மி, பேச்சுவழக்கில் டிஏ, அந்தக் கணக்கில் வராது. இது பகுதிநேரப் படை. பிழைப்புக்கு வேறு வேலை இருக்க வேண்டும். கூப்பிடும்போது யூனிஃபார்ம் போட வேண்டும். இது புரியாமல், இருக்கிற வேலையை விட்டுவிட்டு ரேலிக்கு, அதாவது ஆள்சேர்ப்பு முகாமுக்கு, போகிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள்.

1948 சட்டப்படி அமைந்த படை இது. 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. 1921-22இல் வேலூர் ஜெயிலில் கைதியாக இருந்த அதே ராஜாஜிதான்.

பணக்கணக்கை முதலில் பார்த்துவிடலாம். காலாட்படை பட்டாலியனில் வருஷத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி முகாம். அழைக்கப்பட்டிருக்கும் நாட்களுக்கு மட்டுமே சம்பளம். லெப்டினன்டாகச் சேர்ந்தாலும் அப்படித்தான்: அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய் என்பது வேலையில் இருக்கும் நாட்களுக்கு, வீட்டுக்கு வந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம், அதிகாரிக்கு 20 வருஷம். அதுவும் பட்டியலில் பேர் இருந்த காலம் அல்ல, அழைக்கப்பட்டு டியூட்டி பார்த்த காலம். இதைக் கேட்காமல் ‘பதினைஞ்சு வருஷம் ஓட்டினா பென்ஷன்’ என்று சொல்கிறவர் பேச்சை நம்பாதீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இரண்டு மாதம்தானே என்று சேர்ந்தவரைக் காஷ்மீருக்கோ வடகிழக்குக்கோ நீண்ட காலம் அனுப்பலாம். 2025 மே மாதம் வந்த உத்தரவு, டிஏவின் எல்லா அதிகாரிகளையும் சிப்பாய்களையும் அழைத்துக்கொள்ளும் அதிகாரத்தை ராணுவத் தளபதிக்குக் கொடுத்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐப் பணியில் இறக்கவும் அதில் இடம் இருந்தது. 2028 பிப்ரவரி 9 வரை அது செல்லும். ஆம்பூரில் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டை சிப்காட்டிலோ வேலை பார்ப்பவருக்கு, திரும்பி வரும்போது அந்த இடம் இருக்குமா என்ற கவலை நியாயமானது. முதலாளி திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று டிஏ சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் பேரே ரிஜிஸ்டரில் இல்லாத காண்ட்ராக்ட் ஆள் எதைக் காட்டி வாதாடுவார்? பிஎஃப், இஎஸ்ஐ எண், சம்பளச் சீட்டு கையில் இருக்கட்டும். என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தரத் தயங்குகிற கம்பெனியிடம் இந்தப் பேச்சை ரேலிக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இனி கிரவுண்டு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் முடித்தால் முழு மதிப்பெண் 60. நானூறு மீட்டர் டிராக்கில் நாலு சுற்று. சுற்றுக்கு 82 விநாடி. நம் பையன்கள் கெடுத்துக்கொள்வது முதல் சுற்றில்தான். கூட்டத்தில் முட்டி மோதி 70 விநாடியில் பாய்ந்துவிட்டு, மூன்றாவது சுற்றில் கால் கனத்து நின்றுவிடுகிறார்கள். முதல் சுற்றை 80க்குக் குறையாமல் ஓடிப் பழகுங்கள். பாலாற்று மணலில் மட்டும் ஓடிப் பழகினால் ஆடுசதை இறுகும், ஆனால் எட்டு வைக்கும் தூரம் குறுகிவிடும். ரேலி நடப்பது கெட்டித் தரையில். வாரத்தில் நாலு நாளாவது கெட்டித் தரையில் ஓட வேண்டும்.

புல்லப்ஸ் பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஆறு எடுத்தால் 16. கீழே வரும்போது கை முழுசாக நீளாவிட்டால் அதை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். பத்து எடுத்தேன் என்று இறங்குகிறவருக்கு ஏழு என்று எழுதுவது இதனால்தான். ஒன்பது அடிப் பள்ளத்துக்கும், வளைந்து போகும் கட்டைமேல் நடக்கும் ஜிக்ஜாக் பேலன்ஸுக்கும் மதிப்பெண் இல்லை, தாண்டினால் போதும். வயது, உயரம், நேரப் பிரிவுகளை அந்தந்த அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் பாதிப் பிரச்சினையை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்து பாருங்கள். பாதத்தின் உள்வளைவும் சேர்ந்து முழுத்தடமாகப் பதிந்தால் தட்டைப் பாதம் என்று சந்தேகிக்கலாம். நேராக நின்று முழங்கால்கள் ஒட்டும்போது கணுக்கால்களுக்கு நடுவே இடைவெளி அதிகமா என்று பாருங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்கள் காலில் நரம்பு புடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தால் அதற்கும் நிறுத்திவைப்பார்கள். ஹேர்பின் போட்டுக் குடையாமல் டாக்டரிடம் போய் எடுத்துவிடுங்கள்.

ஓடி ஜெயித்தவனையும் வீட்டுக்கு அனுப்புவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆதாரில் அப்பா பேர் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். பான் கார்டில் அது முன்னால் போயிருக்கும். மேஜையில் உட்கார்ந்திருக்கும் வடநாட்டு ஹவில்தாருக்கு மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். ஒரு மாதமாவது பிடிக்கும். இன்னொன்று, 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். வேலூர் மாவட்டம் என்று போட்ட பழைய இருப்பிடச் சான்றிதழைக் கொண்டுபோய் நிற்காமல் இ-சேவையில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சிப்பாய் ரேலிக்குக் கட்டணம் கிடையாது. ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று இரண்டு லட்சம் கேட்பவன் உள்ளே எதையும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் கோவையிலும் திருச்சியிலும் டிஏ பட்டாலியன் இருக்கிறது. கோவையில் ரேலி என்றால் காட்பாடியில் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸைப் பிடித்து, விடிந்து இறங்கி நேராகக் கிரவுண்டுக்குப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். வரிசை இருட்டிலேயே நிற்கும், தூங்காத காலும் ஓடாது. முந்தின நாள் காலையில் கோவை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுங்கள்.