தண்டையார்பேட்டை மாடியில் ஒரு பீர்க்கங்கொடி

ஜூலை 17, வியாழன்

இன்று ஆடி பிறந்தது. கீழ் வீட்டுச் செல்வி தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை என்று ஒரு பட்டியலோடு மாடிக்கு வந்தாள். "எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிடலாமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம், ஒரே ஒரு பீர்க்கு போதும் என்றேன். அவள் முகம் வாடியது. ஆனாலும் என் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பத்துச் செடி வைப்பவர்கள் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதோடு சரி. ஒரு கொடியைக் காலையும் மாலையும் பார்த்துப் பழகியவளுக்கு அடுத்த ஆண்டு பத்துச் செடி பெரிய காரியமாக இருக்காது.

பீர்க்குக்கு இது சரியான பட்டம். ஆடியில் ஊன்றினால் புரட்டாசியில் காய். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்குவதற்குள் நல்ல அறுவடை முடிந்துவிடும்.

ஜூலை 19, சனி

மண் கலந்தோம். எங்கள் தெருவில் தோண்டினால் வருவது கடல் மணலும் கட்டட இடிபாடும்தான். செம்மண்ணை மூட்டையாக வாங்க வேண்டியிருக்கிறது. செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்த்தேன். அதில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் முளையின் நுனி கருகிவிடும்.

சாணம் பச்சையாக இருக்கக் கூடாது. கையில் எடுத்தால் நாற்றம் இல்லாமல் பொலபொலவென்று உதிர வேண்டும். செல்வி முதலில் தயங்கினாள், பிறகு இரண்டு கைகளாலும் பிசைந்தாள்.

மண் நிரப்பிய வளர்ப்புப் பை நனைந்தால் நல்ல கனம் கனக்கும். அதனால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரமாகப் பார்த்து, நான்கு செங்கற்களின் மேல் வைத்தோம். அடியில் வழியும் தண்ணீர் தேங்காமல் ஓடினால்தான் வீட்டுக்காரரும் நம்மைச் சும்மா விடுவார். இரவு ஊறவைத்திருந்த விதைகளில் மூன்றை ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினோம். பீர்க்கின் வேருக்கு இடம் மாறுவது ஒத்துக்கொள்ளாது. ஆகவே நாற்று விடாமல் நேராகப் பையிலேயே ஊன்றிவிடுவது நல்லது.

ஜூலை 25, வெள்ளி

இரண்டு முளைத்திருக்கின்றன. ஒன்றின் தலையில் விதைத்தோல் இன்னும் ஒட்டியிருந்தது. செல்வி அதைப் பிய்க்கப் போனாள், கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தெளித்து வைத்தால் தானே கழன்று விழும்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றங்கரைக்குப் போக முடியாத நாங்கள் சித்திரான்னம் செய்து மாடியிலேயே சாப்பிட்டோம். பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

பையின் வாய் ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதைச் செல்விக்குக் காட்டினேன். நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு அது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடிக்குள் கடல் நீர் புகத் தொடங்கியது 1960களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் நல்ல நீர் இருந்த இடத்தைக் கடல் பிடித்துக்கொள்கிறது. அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையைத் தொடங்கினார்கள். குடிக்கும் நீரைக் கடலிலிருந்து எடுக்கும் நிலைக்கு வந்த ஊரில், குழாயில் வரும் ஒரு குடம் நல்ல நீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் இரண்டையும் ஒரு வாளியில் பிடித்து வைக்கிறேன். ஒரு கொடிக்கு அது தாராளம். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் நல்ல நீரை அடியில் வழியும்வரை ஊற்றினால் சேர்ந்த உப்பு கரைந்து போய்விடும்.

இரண்டு நாற்றில் இளைத்ததைக் கிள்ளி எடுத்தோம். பிடுங்கினால் மற்றதன் வேர் அசையும்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

கொடி இடுப்பு உயரம் வந்துவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளில் வெட்டி ஒதுக்கும் துணித் துண்டுகளை நாடாவாகக் கிழித்து, துணி உலர்த்தும் கம்பி வரைக்கும் கட்டினோம். பருத்தித் துணி தண்டை அறுக்காது.

இன்று நுனியைக் கிள்ளினேன். செல்வி அலறிவிட்டாள். நேராக ஓடும் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும், பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் பிடிக்கும். வயலில் பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்னும் பயிர் ஊக்கியைத் தெளிக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இருக்கிறது. வீட்டுக் கொடிக்கு விரல் நகம் போதும்.

இலைகளில் கறுப்பாகத் தூசி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுச் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாளுவதை நிறுத்தியதற்கு முன்பு இதைவிட மோசம் என்று ராயபுரத்துப் பெரியம்மா சொல்வார். துணிக்கொடியில் காயும் வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடுமாம். மனிதர் மூச்சில் போவதும் இதே தூசிதான் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. காலையில் இலைகளைக் கழுவிவிட்டோம்.

செப்டம்பர் 1, திங்கள்

ஆண் பூக்கள் கொத்துக் கொத்தாக வந்து உதிர்கின்றன. "காயே பிடிக்கவில்லையே அக்கா" என்று செல்விக்குக் கவலை. முதலில் ஆண் பூ வருவதும் உதிர்வதும் இயல்பு. இப்போது பயந்துபோய் யூரியாவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. தழைச்சத்து மிகுந்தால் இலை கொழிக்கும், பெண் பூ குறையும்.

செப்டம்பர் 8, திங்கள்

பெண் பூ! பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நீளத்தில் குட்டிப் பீர்க்கங்காய், அதன் வரிகள்கூட இப்போதே தெளிவாகத் தெரிகின்றன. ஆண் பூவுக்குப் பின்னால் வெறும் காம்புதான்.

பீர்க்கு அந்தியில் மலரும். பாகற்பூ விடியலில் விரிவது, தேனீ தேடி வரும். பீர்க்கம்பூ விரியும் நேரத்தில் தேனீக்கள் கூடடைந்துவிடுகின்றன. அந்துப்பூச்சிகள் வரலாம். ஆனால் மூன்றாவது மாடியில், சுற்றிலும் சோடியம் விளக்கும் லாரிப் புகையுமாக இருக்கும் இடத்தில் அவற்றை நம்பி உட்கார முடியாது. அதனால்தான் செல்வியை ஆறு மணிக்கே வரச் சொன்னேன்.

விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, மஞ்சள் இதழ்களைப் பின்பக்கமாக மடித்தோம். நடுவில் சுருண்ட மகரந்தப் பைகள். விரலில் தொட்டால் மஞ்சள் ஒட்டுகிறது, ஒட்டாவிட்டால் பூ இன்னும் தயாராகவில்லை. அதைப் பெண் பூவின் மூன்று பிளவாக நிற்கும் சூலகமுடியில் மெல்லத் தடவினாள் செல்வி. அழுத்தக் கூடாது, மூன்று பக்கமும் படவேண்டும். விளக்குத் திரியை எண்ணெயில் தோய்ப்பதுபோல நிதானமாகச் செய்தாள். அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. எந்தப் பூவில் தடவினோம் என்று தெரிய ஒரு சிவப்பு நாடாவும் கட்டினாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பிஞ்சு நீண்டிருக்கிறது. தடவாமல் விட்ட இன்னொரு பூவின் பிஞ்சு மஞ்சளித்துச் சுருங்கிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் செல்விக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதிய பிஞ்சு ஒன்றில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அதில் பிசின் துளி. பழ ஈ முட்டை வைத்துவிட்டது. உள்ளே புழு நெளியும், காய் கோணிக்கொள்ளும். அந்தப் பிஞ்சைப் பறித்து, கட்டிய உறையில் போட்டு வெயிலில் வைத்தோம். அப்படியே மண்ணில் எறிந்தால் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும்.

இதற்கு மருந்து எங்கள் வாசலிலேயே கிடைக்கிறது: கருவாடு. பழ ஈக்கு அந்த வாடை என்றால் உயிர். காசிமேட்டிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை நசுக்கி, ஓட்டை போட்ட பாட்டிலில் சோப்புத் தண்ணீரோடு இட்டுக் கொடிக்கு எட்டத்தில் தொங்கவிட்டோம். வயலில் இதில் பூச்சிக்கொல்லியும் சேர்ப்பார்கள், குழந்தைகள் ஓடும் மாடியில் அது வேண்டாம். நாடா கட்டிய காய்க்கு மெல்லிய துணி உறையும் மாட்டினோம். பொறியைவிட உறைதான் உறுதி. கந்தகத் தூள் தூவலாமா என்று எதிர்வீட்டு மாமா கேட்டார். கூடவே கூடாது, பூசணி இனத்துக் கொடிகளை அது கருக்கிவிடும்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. வீட்டில் கவிச்சி இல்லை, காய் தேவைப்பட்ட நாள். உறையைக் கழற்றினால் முழங்கை நீளத்தில் பீர்க்கங்காய், நகம் இறங்கும் பதத்தில். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நார் ஏறியிருக்கும்.

அறுத்ததும் நுனியிலிருந்து ஒரு சில்லு வெட்டி நாவில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பீர்க்கில் அபூர்வமாகக் கசப்புக் காய் வரும். கசந்தால் சமைக்காமல் எறிந்துவிட வேண்டும், வயிற்றைக் கெடுத்துவிடும். இது இனித்தது. சதையில் பாசிப்பருப்புக் கூட்டு, தோலில் துவையல். துவையலுக்கு உளுந்தும் காய்ந்த மிளகாயும் வறுத்து, புளி கொஞ்சம் தூக்கலாக வைத்தாள்.

சாயங்காலம் மூன்று பெண் பூ விரியும்போல இருக்கிறது. நான் பெருமாள் கோயிலுக்குப் போகிறேன். செல்வி தனியாகவே தடவிவிடுவாள். சிவப்பு நாடா தீர்ந்துவிட்டதாம், பச்சையில் கட்டப் போகிறாளாம். அது இலையோடு இலையாகக் கலந்துவிடும், பச்சை, மஞ்சள் இரண்டையும் தவிர வேறு எந்த நிறமானாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும்.