அப்பாவுக்குச் சுகர் ஏன் இறங்கியது?

எங்கள் வீட்டில் பல வருடமாக சுகர் ஏறுவதைப் பற்றித்தான் பேச்சு. இறங்குவதும் ஆபத்து என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு அப்பா எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார், பொத்தானைத் துளையில் நுழைக்க முடியாமல் விரல் திரும்பத் திரும்ப வழுக்குகிறது, "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால் பதில் இல்லை, என்னை யாரோ மாதிரிப் பார்க்கிறார். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அவ்வளவு வியர்வை. பக்கவாதம் என்றே நினைத்துவிட்டேன். அம்மாதான் "முதல்ல சுகரைப் பாரு" என்றார். மீட்டரில் 48.

70-க்குக் கீழே போனாலே லோ சுகர்தான். 54-க்கும் கீழே என்றால் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸே போதவில்லை என்று அர்த்தம், அந்தக் குழப்பமெல்லாம் அதனால்தான். விழுங்கும் நிலையில் இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், உடனே ஆம்புலன்ஸ்தான். கால் மணி நேரத்தில் 66, இன்னொரு முறை கொடுத்தபின் 92. சரி, முடிந்தது என்று நினைத்தோம். சாப்பிட்டும்கூட இரண்டு மணி நேரத்தில் மறுபடி 61. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஒருநாள் முழுக்க குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அப்பா சாப்பிட்டு வந்தது கிளிமிபிரைடு மாத்திரை. அந்த வகை மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. ஆனால் அதே மாத்திரையை வருடக்கணக்காகப் போடுகிறாரே, இப்போது மட்டும் ஏன்? ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.9 என்று வந்தது, போன வருடம் 1.1. சிறுநீரகம் மந்தமாகிவிட்டதால் மருந்தும் இன்சுலினும் உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கியிருக்கின்றன. போதாததற்குப் பல்வலி, இரண்டு வாரமாக இரவில் பாதிச் சாப்பாடுதான், மாத்திரை மட்டும் முழுசாக.

லோ சுகர் என்றால் வழக்கமாக வருகிற மாதிரி கை நடுங்கவில்லையே, படபடக்கவில்லையே என்று டாக்டரிடம் கேட்டேன். பிரஷருக்காக அப்பா போடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்த இரண்டையும் மறைத்துவிடுமாம், வியர்வையை மட்டும் மறைக்காது. அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்தது. ஒரு மாதமாகவே காலையில் தலைவலி, கெட்ட கனவு, தலையணை ஈரம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எல்லாமே தூக்கத்தில் சுகர் இறங்கியதற்கான அறிகுறிகள்.

டாக்டர் கிளிமிபிரைடு மாத்திரையை நிறுத்தி, லோ சுகர் அதிகம் வராத வேறொன்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் இரண்டு வாரம் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விரலில் குத்திப் பார்த்தேன், என்ன சாப்பிட்டார், எவ்வளவு நடந்தார் என்பதையும் பக்கத்திலேயே நோட்டில் எழுதினேன். மிகக் குறைந்த அளவு 104. இப்போது வெறும் வயிற்றில் 140 வரை வருகிறது, மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனை 8 சதவீதத்துக்குள் இருந்தால் இவர் வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை, முன்னெல்லாம் 110 இருந்ததே என்கிறார். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பிரித்துக் காட்டுகிறேன்.