கரி டப்பாவைப் பாராமல் வால்வை மாற்றிய கதை

ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்தியில் காய்கறி ஏற்றுவதற்காக நான் வைத்திருக்கும் பெட்ரோல் மினி லாரியில், கோளாறைக் காட்டும் இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கியது முதல் அது நிலையாக அணைந்தது வரை ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் இரண்டு முறை கோவைக்குப் போய் வந்தேன். தேவையே இல்லாத நான்கு உதிரிபாகங்களை வாங்கினேன். உண்மையான பழுதுபார்ப்பு வீட்டு முற்றத்தில் ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு, அங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டு மலையேறும் நாட்களில் மட்டும் வண்டி தகராறு செய்தது. வழியில் தேநீருக்கு நிறுத்தினால் மறுபடி கிளம்ப நெடுநேரம் பிடிக்கும். கிளம்பினாலும் ஐட்லிங்கில் உதறும். பின்புறம் பெட்ரோல் வாடை வீசும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் எந்தத் தொல்லையும் இருக்காது. இந்த வேறுபாட்டை நான் முதல் நாளே பட்டறையில் சொன்னேன். அதைக் காதில் வாங்காமல், "மலைமேல காத்து கம்மி, மார்கழிக் குளிர் வேற, எல்லா வண்டியும் இப்படித்தாண்ணா" என்று சொல்லி, பிளக்குகளையும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றிவிட்டார்கள். 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் என்பது உண்மையே. ஆனால் காற்றழுத்தத்தை அளந்து அதற்கேற்ப எரிபொருளைக் குறைக்கத்தான் வண்டியில் சென்சார் வைத்திருக்கிறார்கள். மேலும், இதே வண்டி இதற்கு முன் இரண்டு உறைபனிக் காலங்களை முனகாமல் கடந்திருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தும் வண்டியின் கணினி பதிந்துவைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டை யாரும் படித்துப் பார்க்கவில்லை. குறியீட்டைத் தாளில் எழுதித் தராதவரை எந்தப் பாகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிறகு கைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றை நானே வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனைச் செருகியில் பொருத்தினேன். பி0441 என்று வந்தது. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கேனிஸ்டர் எனப்படும் கரி நிரம்பிய டப்பாவில் தங்குவதும், இன்ஜின் சூடான பின் பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்குள் எரிய அனுப்புவதும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஓட்டம் நடக்க வேண்டிய விதத்தில் நடக்கவில்லை என்பதே இந்தக் குறியீட்டின் பொருள். "டேங்க் மூடியை மாற்றினால் சரியாகிவிடும்" என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு அதையும் வாங்கினேன். மூடியைச் சந்தேகிக்க வேண்டியது பி0455 போன்ற கசிவுக் குறியீடு வந்தால்தான் என்பது பணம் கொடுத்த பிறகே எனக்குப் புரிந்தது.

அதன்பின் காசு செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்தேன். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, பர்ஜ் வால்வின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தேன். மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்க வேண்டிய வால்வு விரலை இழுத்துப் பிடித்தது. மல்டிமீட்டரில் அதன் சுருள் 26 ஓம் காட்டியதால் மின்கோளாறு இல்லை என்பதும், உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு வால்வு திறந்தே நிற்கிறது என்பதும் உறுதியாயின. அந்த "ஏதோ" என்ன என்று அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும்.

கோவைக்குப் பேருந்தில் போனேன். பழைய வால்வை வண்டியிலேயே விட்டுவிட்டு அதன் படத்தை மட்டும் கைபேசியில் கொண்டுபோனது என் தவறு. பாக எண் அச்சிட்ட பக்கம் படத்தில் விழவில்லை. கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டாரே தவிர ஆண்டைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், செருகியின் வடிவமே வேறு. மறுவாரம் சேசிஸ் எண்ணையும் பழைய வால்வையும் எடுத்துக்கொண்டு மீண்டும் போய், அரைநாள் வாதாடி மாற்றி வாங்கினேன். பொருத்தியதும் உதறல் நின்றது. குறியீட்டையும் அதனோடு பதிவான விவரங்களையும் எழுதிவைத்துக்கொண்டு அழித்தேன், விளக்கு அணைந்தது. அன்று வீட்டில் பாயசம்.

ஒன்பதாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது.

புதிய வால்வைக் கழற்றி வெள்ளைத்தாளின் மேல் தட்டியபோது கடுகளவு கரித்துண்டுகள் உதிர்ந்தன. ஓய்வு கொடுத்து ஒதுக்கிவைத்திருந்த பழைய வால்வைத் தட்டினேன். அதிலும் அதே கரி. தட்டிச் சுத்தம் செய்ததும் அது குறையின்றி மூடியது. ஆக, நான் இரண்டு முறை கோவைக்குப் போய் வாங்கி வந்தது, கெட்டுப்போகாத ஒரு பாகத்துக்கு மாற்று.

சரக்குத் தட்டின் கீழே, டேங்குக்குப் பக்கத்தில், சேறு அப்பிய கேனிஸ்டரை இறக்கத் துருவேறிய இரண்டு போல்ட்டுகளோடு ஒரு மணிநேரம் மல்லுக்கட்டினேன். குலுக்கினால் கிலுகிலுப்பை போல ஒலித்தது. கேரட் நிறுக்கும் தராசில் வைத்தேன். பின்னர் வந்த புதியதைவிட 340 கிராம் கூடுதல். பெட்ரோல் திரவமாகவே உள்ளே புகுந்து ஊறியதால் வந்த எடை அது. அப்படி ஊறினால் கரி ஆவியைப் பிடிக்கும் திறனை இழக்கும். உள்ளிருக்கும் தடுப்பும் சிதைந்து, துண்டுகள் குழாய்வழியே வால்வுக்குப் போய்விடும்.

இதற்குக் காரணம் நானேதான். பங்க்கில் டேங்க் நிரம்பி நாஸில் தானாக நின்ற (ஆட்டோ கட்) பிறகும் தொகையை முழுசாக்க இன்னும் கொஞ்சம், பிறகு வண்டியை ஆட்டி இன்னும் கொஞ்சம் என்று கழுத்துவரை நிரப்புவது என் வழக்கம். ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் அப்படி விளிம்புவரை நிரப்பிவிட்டு, குன்னூர்ச் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் டேங்க் அலம்ப அலம்ப, வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய ஏறும்போது, விரியவும் ஆவியாகவும் இடமில்லாத பெட்ரோல் கேனிஸ்டருக்குள்தான் போகும்.

கேனிஸ்டரைத் தாங்களே மாற்ற நினைப்பவர்கள் டேங்க் கால்பங்குக்குக் கீழே இருக்கும்போது, திறந்த வெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். கசிவு இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கச் சாம்பிராணிப் புகையைக் குழாய்க்குள் ஊதலாம் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார்; பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் தணலைக் கொண்டுபோகும் அந்த யோசனையைக் கேட்டுக் கைகூப்பிவிட்டு வந்தேன். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, மிக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக் குமிழியைப் பார்த்தாலே போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், கேனிஸ்டருக்கும் வால்வுக்கும் இடையிலான குழாயை இரு முனைகளிலும் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்வது. என் குழாயிலிருந்து ஒரு தேக்கரண்டி கரி வந்தது. அதை விட்டிருந்தால் புதிய கேனிஸ்டர் போட்ட பிறகும் வால்வு அடைத்திருக்கும்.

புதிய கேனிஸ்டர் பேருந்துப் பார்சலில் வந்தது. இம்முறை சேசிஸ் எண், பாக எண், மூன்று பக்கப் படங்கள் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தேன். பொருத்தி இரண்டு மாதங்களாகிவிட்டன. பழைய வால்வையே போட்டு ஓட்டுகிறேன், புதியது டாஷ்போர்டில் துணைக்கு இருக்கிறது. இப்போதெல்லாம் முதல் கட் விழுந்ததுமே நாஸிலை எடுக்கச் சொல்கிறேன். "ரவுண்டா போட்டுடட்டுமாண்ணா?" என்று பங்க் தம்பி ஒவ்வொரு முறையும் கேட்கிறார், நான் 1,873 ரூபாயைக் கைபேசியில் அனுப்பிவிட்டு வண்டியை எடுக்கிறேன்.