ஓடாமலே தேறிய சோதனைகள்

2025 ஜூன் 2, திங்கள், சேலம்

வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு எடை போட்டு ரசீது தரும் மென்பொருள் எங்களுடையது. தராசு, கணக்கு, இருப்பு, ரசீது என நான்கு கோப்புறைகள். ஒவ்வொரு சிறு பகுதியும் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் யூனிட் டெஸ்ட் அத்தனையும் ஐந்தாவதாக ஒரு கோப்புறையில், ஒரே பெரிய நிரலாகக் குவிந்து கிடக்கின்றன. தராசில் ஒரு வரியைத் தொட்டால் ரசீதின் சோதனைகளும் சேர்ந்து மறுபடி லிங்க் ஆகும், அதாவது துண்டுகளெல்லாம் ஒட்டப்பட்டு ஒரே நிரலாகும். நான்கு நிமிடம். அதற்குள் கை தானாகக் கைபேசிக்குப் போய்விடுகிறது, அப்புறம் அது இருபது நிமிடம்.

அந்தந்தக் கோப்புறையின் சோதனை இனி அந்தந்தக் கோப்புறைக்குள்ளேயே இருக்கட்டும் என்று இன்று முடிவு செய்தோம். "கோப்புகளை நகர்த்துவதுதானே அக்கா, மாலைக்குள் முடித்துவிடலாம்" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. நானும் தலையாட்டினேன்.

ஜூன் 4, புதன்

மாலைகள் மூன்றாகிவிட்டன. டச் (வெள்ளியின் சுத்தம், நூற்றுக்கு எவ்வளவு), சேதாரம் இவற்றைக் கணக்கிடும் வரிகள், நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயின் இருக்கும் கோப்பிலேயே உட்கார்ந்திருக்கின்றன. சோதனை நிரலுக்கும் சொந்தமாக ஒரு மெயின் உண்டு; ஒரே நிரலில் இரண்டு மெயினை, துண்டுகளை ஒட்டும் லிங்கர் ஏற்காது. இதுவரை அந்த வரிகளைச் சோதனைக்கென்று நகலெடுத்து வைத்திருந்திருக்கிறோம். அதாவது பட்டறைக்குப் போனது ஒன்று, நாங்கள் சோதித்தது வேறொன்று. எழுதவே கூச்சமாக இருக்கிறது. கணக்கு முழுவதையும், இரண்டு நிரல்களும் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு லைப்ரரியாகப் பிரித்தேன். மெயினில் பன்னிரண்டு வரிகள் மிச்சம்.

இதற்கும் மோசமான காலத்தைப் பார்த்திருக்கிறேன். ஃபெல்ட்மன் 1976இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய மேக் என்ற, மாறிய கோப்புகளை மட்டும் மறுபடி நிரலாகக் கட்டும் கருவியைத்தான் முன்பு நம்பியிருந்தோம். கோப்புறைக்கு ஒரு மேக்ஃபைல் (எதை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு), மேலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவோம். தன் கோப்புறைக்கு வெளியே என்ன மாறியது என்று எதற்கும் தெரியாது. மற்றக் கோப்புறைகளும் படிக்கும் கணக்கின் ஹெடர் கோப்பு மாறியிருக்கும், இருப்பு பழையதையே கட்டிக்கொண்டு அழும். இந்தப் பழக்கம் கேடு என்று பீட்டர் மில்லர் 1998லேயே கட்டுரை எழுதிவிட்டார். நாங்கள் போன வருடம்தான் சிமேக் என்ற கருவிக்கு மாறினோம். அது எல்லாக் கோப்புறைகளையும் ஒரே வரைபடமாகப் பார்க்கிறது.

ஜூன் 5, வியாழன்

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மடிக்கணினியின் பேட்டரி தீருவதற்குள் சோதனைகளை ஓட்டும் சிமேக்கின் துணைக்கருவியான சிடெஸ்ட்டை மேல் கோப்புறையில் ஓட்டினால், சோதனை எதுவும் இல்லை என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டுச் சொல்கிறது. உள்ளே போய் ஓட்டினால் எல்லாம் இருக்கின்றன. சோதனையை இயக்கும் அந்த ஒற்றை வரியைத் தம்பி உள்கோப்புறைகளில் மட்டும் எழுதியிருக்கிறான். அது மேல் கோப்பில் இருந்தால்தான் மேலிருந்து தெரியும். ஒரு வரி, ஒன்றரை மணி நேரம்.

ஜூன் 7, சனி, ஏற்காடு

பக்ரீத் விடுமுறை. பஸ்ஸில் முன்சீட்டுச் சிறுமி கொண்டை ஊசி வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டே வந்தாள். பாதியில் தூங்கிவிட்டாள். எழுந்ததும், "இருபது வர வேண்டும், எனக்குப் பதினேழுதான் வந்தது" என்று அப்பாவிடம் ஒரே சண்டை. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. கணினியைத் திறக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றுக்கு நேற்று வெள்ளோட்டமாகப் புதிய பதிப்பைக் கொடுத்திருந்தோம். மதியம் முதலாளி அழைத்தார். "கண்ணு, உன் பெட்டி பத்து மில்லி விழுங்குகிறது."

நேரில் போனேன். கணினி வந்த பிறகும் அவர் பழுப்பு அட்டை நோட்டை விடவில்லை. கொலுசு 212.25 கிராம், 78 டச். பெருக்கினால் சுத்த வெள்ளி 165.555. அங்கே பத்து மில்லிகிராமுக்கு முழுமையாக்குவது வழக்கம், ஆகவே நோட்டில் 165.56. எங்கள் ரசீதில் 165.55. முழுமையாக்காமல் கடைசி இலக்கத்தை வெட்டிப் போட்டிருக்கிறது. போன வாரம் லைப்ரரியைப் பிரித்தபோது அந்த வரியைத் 'திருத்தியது' நான்தான்.

அவர் கோபப்படவில்லை. மற்ற ரசீதுகளையும் எடுத்து நோட்டோடு வரிசையாக ஒத்துப்பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. என்னைக் குடைந்தது வேறு: இதே எண்களுக்கு மார்ச்சில் நானே ஒரு சோதனை எழுதியிருக்கிறேன். நேற்று எல்லாம் பச்சை, அதாவது அத்தனையும் தேறியதாகக் காட்டியது.

ஜூன் 11, புதன்

சோதனை நிரலைக் கையால் ஓட்டி, வெளியீட்டை முதல் வரியிலிருந்து படித்தேன். ஓடிய சோதனைகள்: 0. தேறியவை: 0. அதற்குக் கீழே பச்சை.

கோப்புறைக்கு ஒரு சோதனை நிரல் எதற்கு, ஒவ்வொன்றின் சோதனைகளையும் ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியாக்கி மேலே ஒரே நிரலில் சேர்த்தால் முடிவெல்லாம் ஓரிடத்தில் தெரியுமே என்று தம்பி வெள்ளிக்கிழமை கேட்டான். நன்றாக இருக்கிறதே என்றேன். ஸ்டாட்டிக் லைப்ரரி ஒரு மூட்டை. லிங்கர் அதை முழுதாகக் கொட்டுவதில்லை. உள்ளே இருக்கும் துண்டுகளில் (ஆப்ஜெக்ட் கோப்புகளில்) யாராவது பெயர் சொல்லிக் கேட்டதை மட்டும் உருவி எடுக்கும். நாங்கள் பயன்படுத்தும் கூகுள் டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் எழுதிய சோதனையை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, நிரல் தொடங்கும்போது அது தானே தன்னைப் பதிந்துகொள்ளும். கேட்க ஆளில்லாமல் அத்தனையும் மூட்டைக்குள்ளேயே கிடந்துவிட்டன. எங்களிடம் உள்ள பதிப்பில் பூஜ்யம் சோதனையும் வெற்றிதான்.

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. ஒப்புதல் கொடுத்தவள் நான், விடு என்றேன். பஸ்ஸில் வந்த அந்தச் சிறுமியை வேலைக்கு வைத்திருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

மூட்டையை முழுதாகக் கொட்டச் சொல்லி லிங்கருக்குக் கட்டளையிடலாம். மூட்டை கட்டாமல் துண்டுகளை அப்படியே கொடுக்கும் ஆப்ஜெக்ட் லைப்ரரியாகவும் மாற்றலாம். இரண்டும் வேண்டாம் என்று கோப்புறைக்கு ஒரு சோதனை நிரலுக்கே திரும்பினோம். தராசைத் தொட்டால் இப்போது தராசின் சோதனை மட்டும் லிங்க் ஆகிறது, பதினொரு விநாடி.

எண்ணிக்கைக்கும் ஒரு காவல் போட்டோம். முன்பு ஒரு நிரல் முழுவதும் சிடெஸ்ட்டுக்கு ஒரே சோதனை. உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'ஒன்று தேறியது' என்றுவிடும். சிமேக் 3.10இல் வந்த வசதி, நிரலைக் கட்டி முடித்ததும் அதனிடமே பட்டியல் கேட்டு ஒவ்வொரு சோதனையையும் தனியாகப் பதிகிறது. கோப்புறைக்கு ஒரு லேபிள் வைத்து, லேபிள் வாரியாக ஓட்டி, சோதனை இல்லையென்றால் பிழை என்று சொல்லச் செய்தோம். இது 3.12 முதல் உண்டு.

மொத்தம் 143. இரண்டு சிவப்பு. ஒன்று 165.56. இவ்வளவு சந்தோஷமாக ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. மற்றொன்று மாதிரி எடைக் கோப்பைத் தேடி வேறு கோப்புறைக்குப் போயிருந்தது. எங்கிருந்து ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

முழுமையாக்கும் வரியைச் சரிசெய்த பிறகும் சிவப்பு. அரை மணி நேரம் என் கண்ணையே சந்தேகித்தேன். சிடெஸ்ட் தானாக எதையும் கட்டாது, கிடக்கிற நிரலை ஓட்டும். நான் ஓட்டிக்கொண்டிருந்தது வெள்ளிக்கிழமை நிரல். கட்டிவிட்டு ஓட்டும் கட்டளை ஒன்றைத் தம்பி சேர்த்தான், செக் என்று பெயர்.

மாலை செவ்வாய்ப்பேட்டையில் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு வந்தேன். முதலாளி நோட்டை மூடவில்லை, மூடுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ரசீதுக் கோப்புறைதான் பாக்கி. அதில் பிரிண்டர் இணைக்காமல் ஓடாத சோதனைகள் ஆறு இருக்கின்றன.