தூக்காத கை

உலக அரசியலை வேடிக்கை பார்ப்பவர்கள் பெரும்பாலும் வீட்டோவைத்தான் பேசுவார்கள்; அதாவது, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர் ஒருவர் எதிர்த்தாலே தீர்மானம் விழுந்துவிடும் அதிகாரம். எனக்கு நடுநிலை வகிப்பவர்கள் மேல்தான் கண்.

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் வாக்கெடுப்பை நேரலையில் பாருங்கள். குதிரைலாட வடிவ மேசையைச் சுற்றி 15 பேர். ஆதரவு என்றால் கை தூக்க வேண்டும், எதிர்ப்பு என்றாலும் கைதான். ‘ரெண்டும் இல்லை’ என்று சொல்லவும் மூன்றாவது முறை கை தூக்க வேண்டும்! தீர்மானம் நிறைவேற 9 வாக்குகள் போதும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) யாரும் எதிர்க்கக் கூடாது. அவர்கள் சும்மா இருந்தால் அது வீட்டோ ஆகாது.

2011 மார்ச்சில், லிபியாவில் பொதுமக்களைக் காக்க ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி தந்த 1973ஆம் எண் தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. ஆதரவு 10, எதிர்ப்பு பூஜ்யம். ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் ஒதுங்கிக்கொண்டன. அமெரிக்காவின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் உள்ள ஜெர்மனி அந்த வரிசையில் நின்றதுதான் அன்றைய பெரிய செய்தி. ரஷ்யாவோ தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அப்புறம் நேட்டோவின் குண்டுவீச்சு லிபியாவில் ஆட்சி மாற்றம் வரை போனதும், ‘எங்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வருஷக்கணக்கில் புலம்பியது. சிரியா விஷயத்தில் அடுத்தடுத்து வீட்டோ போட்டதில் அந்தக் கசப்புக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

2022 ஏப்ரலுக்குப் பிறகு இன்னொரு சுவாரசியம். யாராவது வீட்டோ போட்டால், 10 வேலை நாட்களுக்குள், எல்லா உறுப்பு நாடுகளும் இருக்கும் ஐ.நா. பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும். விவாதத்தால் வீட்டோ ரத்தாகாது. சரி, போட்டவர் எழுந்து என்ன காரணம் சொல்கிறார் என்றாவது கேட்கலாமே.